பதக்கம் போனது, பதவி போகவில்லை

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி சௌந்தரராஜன் இரண்டாவதாக வந்தார். நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். அப்பா அம்மா செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்கள். ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப்பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி வெள்ளியைப் பறித்துவிட்டார்கள். மருத்துவரும் அவரும் மட்டும் அறிய வேண்டிய ஒரு விஷயம் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. கலைஞர் அரசு மட்டும் பரிசைத் திரும்ப வாங்காமல் 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது. 2007-இல் சாந்தி தற்கொலைக்கு முயன்றார். 2012-இல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

இவ்வளவும் நடந்ததில் பதவியை இழந்த அதிகாரி என்று ஒருவர் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சாந்தியைத் தேர்வு செய்து அனுப்பிய சங்கம் இருந்தது, கூடப்போன மருத்துவர்கள் இருந்தார்கள், நிர்வாகிகள் இருந்தார்கள். ஓடியவர் மட்டும் தண்டிக்கப்பட்டார்.

விளையாட்டில் ஒரு சர்ச்சை வெடித்தால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது, தப்பு செய்தது யார் என்று. பல வருடங்களாக ஒரு ரசிகனாக இவற்றைப் பார்த்துவரும் எனக்கு இன்னொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. தப்பு வெளியே வந்த பிறகு வீட்டுக்குப் போனது யார், நாற்காலியில் இருந்தது யார்? தடகளம், கிரிக்கெட், மல்யுத்தம், கல்லூரி மைதானம் என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம். பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

இதைத் திருத்தணியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்ப் பக்கம் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. விடிவதற்கு முன்பே மலைப்படியில் பையன்கள் ஓடி ஏறுவார்கள். 365 படி. முருகனைக் கும்பிட வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு ஒருவன் கீழே நிற்பான். போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், அதற்கான பயிற்சி அது. பக்கத்தில் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம், தேசியப் பேரிடர் மீட்புப் படை; தக்கோலம் பக்கம் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம். சீருடை போட்டவர்களைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகள். நூறு மீட்டர் நன்றாக ஓடுகிற ஒரு பெண்ணைப் பார்த்து, "ஒலிம்பிக் போவியாம்மா?" என்று இங்கே யாரும் கேட்பதில்லை. "கோட்டாவில் வேலை கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடம், எம்.பி.பி.எஸ்ஸில் 7 இடம். ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திவிடும்.

சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பு இருந்தால் அதில் கையெழுத்துப் போடுகிறவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும்! மாவட்டச் சங்கத்தின் செயலாளர் மனசு வைத்தால்தான் செலக்‌ஷன். சில விளையாட்டுகளில் ஒன்றுக்கு இரண்டு சங்கம். இரண்டுமே தாங்கள்தான் உண்மையான சங்கம் என்று கோர்ட்டுக்குப் போகும். பிள்ளை ஒரு சங்கத்தின் மீட்டில் ஜெயித்து வாங்கிய சான்றிதழைக் கலந்தாய்வில் நீட்டும்போது, இந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சங்கத்துக்குள் நடந்த சண்டையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆனாலும் இழந்தது அதன் சீட்டு. கபடியில் தேசிய அளவிலேயே சங்கச் சண்டையைப் பார்த்தோம். பல வருடமாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த சம்மேளனத்தை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கலைத்து நிர்வாகியை நியமித்தது. அதே வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், அதுவரை தங்கத்தை விட்டுக்கொடுக்காத இந்திய ஆண்கள் கபடி அணி வெண்கலத்தோடு திரும்பியது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சாந்தியின் விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பிரிவுக்கு ஒரு எல்லை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லை இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கே அர்த்தம் இல்லை. என் சண்டை அந்த எல்லையை எப்போது, எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதோடுதான். 2006-இல் ஜெயித்த பிறகு, சந்தேகத்தின் பேரில், சோதித்தார்கள். முடிவு ஊருக்கே தெரிந்தது. 2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்தைக் காமன்வெல்த் அணியிலிருந்து இதே காரணத்தைச் சொல்லி நீக்கினார்கள். ஆனால் தூத்திக்குத் துணைக்கு ஆள் இருந்தது, வக்கீல்கள் கிடைத்தார்கள், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலையில் அந்த நீதிமன்றம் ஹார்மோன் அளவைப் பற்றிய விதியையே நிறுத்திவைத்தது. 2018-இல் புது விதி வந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். 2023-இல் இன்னும் கடுமையாக்கினார்கள். 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா வழக்கில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இருபது வருடத்துக்குள் விதி இத்தனை முறை மாறியிருக்கிறது. விதியை எழுதியவர்களுக்கே அது சரிதானா என்ற தெளிவு இருந்ததில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அப்படிப்பட்ட ஒரு விதியின் பேரில், வழக்காட வசதியில்லாத ஒரு பெண்ணிடமிருந்து பறித்ததைப் பறித்ததாகவே வைத்திருப்பது அநியாயம். சாந்தி ஏமாற்றவில்லை. மருந்து எடுக்கவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அவருடைய வெள்ளியைத் திருப்பிக் கேட்டு தமிழ்நாடு அரசு ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். எழுதியிருந்தால் மறுபடியும் எழுத வேண்டும்.

ஊக்கமருந்து வேறு விஷயம். அங்கே என் நிலை கடுமையானது. மருந்து எடுத்தவர் ஜெயித்தால், எடுக்காதவர் தோற்கிறார். அந்தத் தோற்றவரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. 2019 ஏப்ரலில், மறுபடியும் தோஹாவில், மறுபடியும் 800 மீட்டரில், ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 வினாடியில் தங்கம் வென்றார். தேர்தல் நேரம் வேறு. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தன. இந்த ஊர் டீக்கடையில் பேப்பரைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். சில வாரத்தில் அவருடைய மாதிரியில் நாண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று செய்தி வந்தது. நான்கு வருடத் தடை, தங்கமும் போனது.

இந்த வழக்கில் எனக்கு ஆறாத ஒரு விவரம் உண்டு. தோஹாவுக்கு ஒரு மாதம் முன்னால், மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையிலேயே அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதிலும் அதே மருந்துதான். அந்த முடிவு காலத்தோடு கைக்கு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானம் ஏறியிருக்கவே மாட்டார், நாட்டுக்கும் அந்தத் தலைகுனிவு வந்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில், தரக்குறைவு என்று சொல்லி டெல்லியில் உள்ள நம் தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை வாடா என்ற உலக அமைப்பு நிறுத்திவைத்தது. மறுபடி அங்கீகாரம் கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. கோமதிக்கு நான்கு வருடம் சரி. தாமதம் செய்தவர்களுக்கு எத்தனை நாள்?

2022-இல் இன்னொரு திருச்சிப் பெண், தனலட்சுமி சேகர். அதற்கு முந்தைய ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையில் தூத்தி சந்தையே தோற்கடித்தவர். மெட்டான்டியனோன் என்ற பழைய ஸ்டீராய்டு அவர் உடம்பில் இருந்தது. மூன்று வருடத் தடை. 2023-இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-இல் ஊக்கமருந்து இருந்தது, 3.8 சதவீதம். 5,000-க்கு மேல் சோதித்த நாடுகளில் இதுதான் மிக அதிகம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியைப் பற்றி வந்த செய்தி இந்த எண்ணிக்கைகளைவிட என்னை அதிகம் உலுக்கியது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மைதானம் காலியானது. ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் ஓடினார். தடை ஓட்டத்தில் ஒரு சிறுமி எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், மாதிரி எடுக்கிற அதிகாரி கையில் சிக்காமல் இருக்க. கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன.

அந்தச் சிறுமிக்கு ஊசியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது யார்? மாநிலப் போட்டி ஆடுகிற வயதில் ஒரு பிள்ளை தானாகப் போய் ஸ்டீராய்டு வாங்காது. நம் பக்கத்து டவுன்களில் ஜிம்மில் பாருங்கள். பெரிய டப்பாவிலிருந்து அள்ளி, லேபிள் இல்லாத கவரில் கட்டிக் கொடுப்பார்கள். புரோட்டீன் பவுடர் என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. ஊக்கமருந்துச் சட்டப்படி உடம்பில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு. எப்படி வந்தது என்பதைக் காட்ட வேண்டியதும் அவரே. உலகம் முழுக்க இதுதான் விதி. இந்த விதியை ஒப்புக்கொள்கிறேன், வேறு வழியில் சோதனையை நடத்தவே முடியாது. ஆனால் அதே வாடா விதிப்புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிக்கியவர் சிறுவயதினராக இருந்தாலோ, ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சிக்கினாலோ, அந்தப் பயிற்சியாளரைத் தானாகவே விசாரிக்க வேண்டும். இந்த விசாரணைகளின் முடிவைச் செய்தியாக நாம் படித்தது மிக அரிது.

இப்போது கல்லூரி. சென்னைப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நல்ல வீரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம். பதிலுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் கோப்பை. அந்தக் கோப்பையின் படம் அடுத்த வருட அட்மிஷன் விளம்பரத்தில். இதில் தப்பில்லை என்பதே என் கட்சி. இது இல்லாவிட்டால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பட்டமே இருக்காது. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. முழங்கால் போய்விட்டால் என்ன? இரண்டாம் வருடம் தசைநார் கிழிந்த ஒரு வாலிபால் பையன் மூன்றாம் வருடக் கட்டணத்தைக் கட்ட வேண்டுமா, வேண்டாமா? சேர்க்கும்போது வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டதற்குத் தாளில் ஆதாரம் இருக்காது. அறுவை சிகிச்சைச் செலவு வீட்டுக்காரர்கள் தலையில் விழும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் வியாபாரம். அங்கேயும் வீரர்களுக்குப் பணம் தரக்கூடாது என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். 2021-இல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாக வீரர்களுக்கே கொடுக்கலாம். அதைக் கெடுதல் என்று புலம்பும் அமெரிக்க ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பல் புரியவில்லை. உழைத்தவனுக்குக் கூலி எழுத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கல்லூரி தரும் சோறும் அறையும்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தையாவது காயம்பட்டாலும் நிறுத்த மாட்டோம் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டாம், பல்கலைக்கழகங்களின் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இந்தப் பக்கம் பொங்கல் சமயத்தில் நடக்கிற டோர்னமென்ட்களில் ஒரு தகராறு தவறாமல் வரும். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் டீம்கள் வரும். பாதிப்பேர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். 1960-இல் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது, அதில் ஆச்சரியம் இல்லை. கெஸ்ட் பிளேயரை இறக்கிவிட்டான், அவன் அந்த ஊர்க்காரனே இல்லை என்று சத்தம் போடுவார்கள். ஆதார் அட்டையைக் கேட்பார்கள். நடுவர் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தோற்ற டீம் திட்டிக்கொண்டே ஒத்துக்கொள்ளும். காரணம், நடுவர் இரண்டு டீமிலும் சம்பளம் வாங்காதவர். பெரிய விளையாட்டு அமைப்புகளில் அந்த ஒன்றுதான் இல்லை.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2013 மே மாதம் ஐ.பி.எல்லில் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூன்று பேர் ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் கைதானார்கள். ஒரு வாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸின் குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் புகாரில் கைதானார். அவருடைய மாமனார் என்.சீனிவாசன் அப்போது கிரிக்கெட் வாரியத் தலைவர். சென்னை அணியோ அவருடைய இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் சொத்து. டீம் வைத்திருப்பவரே வாரியத்தின் தலைவராகவும் இருக்கலாம் என்று விதியையே திருத்தி வைத்திருந்தார்கள். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை விதித்தது; குருநாத்துக்கு வாழ்நாள் தடை.

நான் மஞ்சள் ஜெர்சி போட்ட ரசிகன்தான். இந்த ஊரிலிருந்து ரயில் ஏறி சேப்பாக்கம் போய் மேட்ச் பார்த்தவன். தடை வந்த அன்று நண்பர்கள் பலர், "சென்னை மேலே வடக்கத்திக்காரன் பொறாமை" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தியாவில் ஒரு விளையாட்டு ஊழலில் தண்டனை மேலே, உரிமையாளர் வரை ஏறிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. அதற்காகவே அந்தத் தீர்ப்பை வரவேற்றேன். இருந்தும் கவனியுங்கள்: 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அழுத்தத்தால் வாரியத் தலைமையிலிருந்து ஒதுங்கி நின்ற சீனிவாசன், அதே ஜூனில் ஐ.சி.சி.யின் தலைவரானார். கைதான மூன்று வீரர்களில் ஒருவரான ஸ்ரீசாந்த் மீதான வாழ்நாள் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அது ஏழு வருடமாகக் குறைந்தபோது அவருடைய பந்துவீச்சு வயது முடிந்திருந்தது. சென்னை அணி 2018-இல் திரும்பி வந்து அதே வருடம் கோப்பையும் வென்றது. நானும்தான் ஆடிப்பாடிக் கொண்டாடினேன்.

பணம் சம்பந்தப்பட்டதைவிட மோசமானது பிள்ளைகளின் உடம்பு சம்பந்தப்பட்டது. 2021-இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் பாலியல் புகாரில் போக்சோ சட்டத்தில் கைதானார். மாணவிகள் ஒவ்வொருவராக வெளியே வந்து பேசினார்கள். 2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்தவர்களில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய மல்யுத்த வீரர்களும் இருந்தார்கள். சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொன்னதற்கு அவர்களுக்குக் கிடைத்தது மே 28 அன்று நடுத்தெருவில் போலீஸ் இழுத்துப்போன படம். ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. டிசம்பரில் அந்தத் தலைவரின் ஆதரவாளரே சம்மேளனத் தேர்தலில் ஜெயித்தார். போராடியவர்களில் ஒருவரான சாக்ஷி மாலிக் காலணியை மேஜை மேல் வைத்துவிட்டு விளையாட்டை விட்டே போனார். உலகமே அறிந்த வீராங்கனைக்கே இந்தக் கதி என்றால், மாவட்ட மீட்டுக்குப் பயிற்சியாளரோடு வெளியூர் பஸ் ஏறுகிற பதினான்கு வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு வாரியம், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் விளையாட்டு வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம். வரவேற்கிறேன். கிரிக்கெட் வாரியமும் இதற்குள் வருகிறது. ஆனால் அரசுப் பணம் வாங்குகிற அமைப்புகளுக்கு மட்டுமே தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று எழுதி, நாட்டிலேயே பணக்கார விளையாட்டு அமைப்பை அதிலிருந்து தப்பவிட்டுவிட்டார்கள். அரசு மைதானத்தையும் நம் நாட்டின் பெயரையும் பயன்படுத்துகிறவர்கள் நமக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். இந்த ஓட்டையை அடைக்காவிட்டால் சட்டத்தின் பாதி வீணாகிவிடும். தீர்ப்பாயத்துக்கும் ஒரே ஓர் உரைகல்தான்: வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு மாணவி டெல்லிக்குப் போகாமலே அதில் மனுப் போட முடிய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பிள்ளையை அகாடமியில் சேர்க்கிறவர்கள், பாலியல் புகாரை விசாரிக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். காய்ச்சல் மருந்தாக இருந்தாலும் நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். லேபிள் இல்லாத பவுடரைக் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு வீரர் ஊக்கமருந்தில் சிக்கினார் என்று பேப்பரில் வந்தால், அவருடைய பெயரைச் சொல்லித் திட்டுவதோடு நிற்காதீர்கள். அவருடைய பயிற்சியாளர் யார், அவர்மேல் விசாரணை நடந்ததா என்று அந்தப் பத்திரிகைக்கும் விளையாட்டு ஆணையத்துக்கும் எழுதிக் கேளுங்கள்.